குழந்தையைப் பார்ப்பதற்கு முன் வரிசையைப் பாருங்கள்: அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியக் குழந்தையைத் தத்தெடுப்பது பற்றி

கேட்டிருப்பவர் டெக்சஸில் வாழும் ஒரு தமிழ்ப் பெண். கணவன், மனைவி இருவருமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை உண்டு. கணவருக்கு 46 வயது, மனைவிக்கு 42. திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பச்சிளம் குழந்தையைத் தத்தெடுக்க எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் பிடிக்கும்? தஞ்சாவூரில் இருக்கும் தங்கை தன் இரண்டாவது குழந்தையைத் தரச் சம்மதிக்கிறாள், அது இதைவிடச் சுலபமா? ஊரில் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் "எல்லாம் பேசி முடிச்சிடலாம்" என்கிறாராம், நம்பலாமா?

நான் நியூ ஜெர்சியில் தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு ஹோம் ஸ்டடி, அதாவது அவர்கள் தகுதியானவர்களா என்று ஆராய்ந்து சொல்லும் அறிக்கை எழுதும் சமூகப் பணியாளர். பதினான்கு ஆண்டுகளாக இதுதான் வேலை. மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் காத்திருக்க நேரமில்லை.

வேண்டாம். அந்த நர்ஸம்மாவுக்கு இனி போன்கூடப் பண்ணாதீர்கள். 2019இல் ராசிபுரத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசிய தொலைபேசி ஒலிப்பதிவு வெளியாகித் தமிழ்நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். 2021இல் மதுரையில் ஒரு காப்பகத்தில், கொரோனாவில் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய குழந்தை வேறொரு வீட்டில் உயிரோடு மீட்கப்பட்டது. இரண்டு இடத்திலும் வாங்கியவர்களில் பலர் உங்களைப் போலக் குழந்தைக்கு ஏங்கியவர்கள்தான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 81ஆவது பிரிவு குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் சேர்த்தே ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை சொல்கிறது. மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டிருந்தால் மூன்று முதல் ஏழாண்டு. தண்டனையை விடுங்கள். அந்தக் குழந்தைக்கு அமெரிக்க விசா எந்தக் காலத்திலும் கிடைக்காது. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரைப் போட்டு வாங்கித் தந்தாலும், தூதரகம் சந்தேகப்பட்டால் டிஎன்ஏ பரிசோதனை கேட்கும். அப்போது குழந்தை ஓரிடம், நீங்கள் ஓரிடம், போலீஸ் நடுவில்.

இனி முதல் கேள்வி. என்னிடம் வரும் பத்துக் குடும்பங்களில் எட்டு, பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கின்றன. பணம் பெரிய விஷயம்தான், ஒளிக்காமல் கணக்குச் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை தத்தெடுப்பு நடுவழியில் நின்றுபோனது பணத்தால் அல்ல, வரிசை மாறியதால். நம் ஊர்வழக்கம் முதலில் குழந்தையைப் பார்ப்பது, மனசு ஒட்டுவது, மடியில் வாங்குவது, பிறகு பேப்பர். சட்டம் கேட்பது நேர் எதிர். முதலில் உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் தகுதியானவர்கள் என்று இரண்டு அரசாங்கமும் எழுதித் தந்த பிறகுதான் குழந்தையின் பெயரையே சொல்வார்கள்.

இது யாரோ அதிகாரி உட்கார்ந்து யோசித்த வீம்பு இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இந்தியாவிலிருந்து குழந்தைகள் வெளிநாடு போனவிதம் பற்றி 1982இல் லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1984இல் வந்த தீர்ப்புதான் இன்றைய விதிகளுக்கெல்லாம் தாய்வேர். அதன் வழியில்தான் டெல்லியில் காரா என்கிற மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையம் வந்தது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003இல் சேர்ந்தது. அமெரிக்காவில் அது 2008 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இரண்டு நாடும் அதில் இருப்பதால், உங்கள் விஷயத்தில் அந்த உடன்படிக்கை போட்ட பாதை ஒன்றுதான் பாதை.

அந்தப் பாதை இப்படிப் போகும். அமெரிக்காவில் ஹேக் அங்கீகாரமும், காராவின் அனுமதியும் இரண்டும் பெற்ற ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தில் சேர வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. டெக்சஸில் அப்படி ஒரு நிறுவனம் இல்லையென்றாலும் பரவாயில்லை. வேறு மாநில நிறுவனம் இந்தியப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும், உங்கள் ஊரில் உரிமம் உள்ள என்னைப் போன்ற ஒருவர் ஹோம் ஸ்டடி எழுதுவார்.

ஹோம் ஸ்டடி என்றதும் வீட்டை ஒட்டடை அடித்து வைக்கிறார்கள். வீட்டையும் பார்ப்பேன், உண்மைதான். மாத்திரை டப்பா குழந்தை கைக்கு எட்டுகிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, சமையலறையில் அரிவாள்மனை கீழ்த்தட்டில் கிடக்கிறதா என்றெல்லாம். ஆனால் அதற்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுக்க உங்கள் இருவரோடும் பேச்சு, சேர்ந்தும் தனித்தனியாகவும். குழந்தை பிறக்காததன் துக்கம் எந்த இடத்தில் நிற்கிறது, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், சின்ன வயதில் உங்களை அடித்து வளர்த்தார்களா, மாமியார் இந்தக் குழந்தையைத் தன் பேரப்பிள்ளையாக ஏற்பாரா. வருமானம், கடன், உடல்நலம், கைரேகை, 18 வயதுக்குப் பிறகு வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தைக் கொடுமைப் பதிவேட்டுச் சோதனை எல்லாம் இதில் அடக்கம். இருபது வருடம் முன்பு கல்லூரி நாளில் ஒரு கைது, பிறகு வழக்கு தள்ளுபடி என்றிருந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்தக் கைதால் அனுமதி மறுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. அதை மறைத்ததால் மறுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்கள் தவறவிடும் ஒன்று: வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் இந்தச் சோதனைக்குள் வருவார்கள். வருடத்தில் பாதி உங்களோடு இருக்கும் அம்மா, அப்பா இருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். ஒரு வீட்டில் இரண்டாம் சந்திப்புக்குப் போனபோது பின்கட்டு அறையில் ஒரு பெரியவர் சுப்ரபாதம் கேட்டுக்கொண்டிருந்தார். "மாமனார், விசிட்டர்தான்" என்றார்கள். நான்கு வருடமாக வந்து வந்து போகும் விசிட்டர். அவருடைய கைரேகைக்கும் ஊரில் காவல்துறைச் சான்றுக்குமாக மூன்று மாதம் கூடுதலாக ஓடியது. ஹேக் விதிப்படி குறைந்தது பத்து மணி நேரப் பயிற்சியும் எடுக்க வேண்டும். அதைச் சடங்காக நினைக்காமல் இருவரும் சேர்ந்து உட்காருங்கள்.

ஹோம் ஸ்டடி முடிந்ததும் ஐ-800ஏ என்ற படிவத்தை அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு அனுப்புவார்கள். "இவர்கள் ஒரு வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கத் தகுந்தவர்கள்" என்ற அனுமதி அது. 15 மாதம் செல்லும், நீட்டித்துக்கொள்ளலாம். இந்த அனுமதி கையில் வந்த பிறகு நிறுவனம் உங்கள் கோப்பைக் காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் ஏற்றும். அதற்குப் பிறகு காத்திருப்பு. குழந்தை பற்றிய விவரம் வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட பின் அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800 படிவம். அதற்குத் தற்காலிக அனுமதி. தூதரகத்திலிருந்து காராவுக்கு ஒரு கடிதம். காராவின் தடையின்மைச் சான்று. மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை. 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் தந்துவந்த ஆணையை இப்போது ஆட்சியர் தருகிறார். பிறகு உங்கள் பெயரோடு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ், இந்திய பாஸ்போர்ட், எல்லாம் ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்லும் காராவின் இணக்கச் சான்றிதழ், கடைசியாக விசா.

இதில் எந்தப் படியையும் மாற்றி வைக்க முடியாது. ஐ-800க்குத் தற்காலிக அனுமதி வருவதற்கு முன்பே குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்துவிட்டால், அந்த ஒரே காரணத்துக்காக மனு தள்ளுபடியாகும். தங்கை குழந்தை விஷயத்தில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

உங்களுக்கு எந்த வயதுக் குழந்தை? 2022 விதிகளில் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்க்கிறார்கள். 2 வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வரை 90. 4 முதல் 8 வரை 100. அதற்கு மேல் 110. உங்கள் கூட்டு வயது 88. அதனால் பச்சிளம் குழந்தை என்ற பேச்சு இல்லை. இதை இப்படி எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் நிறுவனத்துக்குப் பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு நீங்கள் தகுதி உள்ளவர்கள். 90ஐத் தொட உங்களுக்கு அதிக நாள் இல்லை, ஆகவே யோசித்துக்கொண்டே இன்னொரு வருடம் போகவிடாதீர்கள்.

அடுத்து, எந்த நிலையில் உள்ள குழந்தை. இந்தியாவில் தத்தெடுக்கக் காத்திருக்கும் பெற்றோர் பல ஆயிரம், தத்துக்குத் தரலாம் என்று சட்டப்படி விடுவிக்கப்பட்ட சின்னக் குழந்தைகள் மிகக் குறைவு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்கள் உள்நாட்டுப் பெற்றோருக்குச் சமமான வரிசையில் நிற்பார்கள். ஓசிஐ வைத்திருக்கும் நீங்கள் அந்த வரிசையில் இல்லை. குறிப்பிட்ட கெடுவுக்குள் இந்தியப் பெற்றோரோ வெளிநாடுவாழ் இந்தியரோ எடுக்காத குழந்தைகள்தாம் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு வருவார்கள்; அங்கே மற்ற வெளிநாட்டவரைவிட உங்களுக்கு முன்னுரிமை உண்டு. நடைமுறையில் இதன் பொருள், உங்களுக்கு வரும் குழந்தை ஏதாவதொரு மருத்துவத் தேவை உள்ள குழந்தையாகவோ, சற்று வளர்ந்த குழந்தையாகவோ, அண்ணன் தங்கையாகச் சேர்ந்து வருபவர்களாகவோ இருக்கும்.

"சிறப்புத் தேவை" என்ற சொல்லைக் கேட்டவுடன் பயந்து எழுந்துபோன குடும்பங்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல நிலைகள் இருக்கின்றன. பிளவு உதடு, இதயத்தில் சின்னத் துளை, ஒரு காதில் கேட்காமை, ஒரு கையில் இரண்டு விரல் குறைவு, குறைமாதத்தில் ஒன்றரைக் கிலோவோடு பிறந்தது. இன்னொரு பக்கம் வலிப்பு, மூளைவளர்ச்சித் தாமதம், எச்ஐவி. எதை ஏற்க முடியும் எதை முடியாது என்று நீங்கள் ஒரு பட்டியலில் குறித்துத் தர வேண்டும். அந்தத் தாளை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தனித்தனியாக நிரப்பி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது இது. கணவர் "சரி" போட்ட இடத்தில் மனைவி "முடியாது" போட்டிருப்பார், பதின்மூன்று வருடத் தாம்பத்தியத்தில் பேசாத ஒன்று அன்று பேசப்படும். முடியாததை முடியாது என்று எழுதுவதில் குற்றவுணர்வு வேண்டாம். முடியும் என்று எழுதி, குழந்தை வந்த பிறகு கைவிரிப்பதுதான் அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

விவரம் வரும்போது இரண்டு மூன்று புகைப்படம், ஒரு மருத்துவ அறிக்கை, குழந்தையின் பின்னணி பற்றிய ஒரு சிறு அறிக்கை வரும். முடிவு சொல்லக் குறுகிய கெடுதான் இருக்கும். ஆகவே வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நம் குடும்ப டாக்டர் நல்லவராக இருக்கலாம், ஆனால் காப்பகத்தில் வளர்ந்த குழந்தையின் தலைச்சுற்றளவு அட்டவணையைப் படிப்பது தனிப் பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்த எடை, உயரம், தலைச்சுற்றளவு ஒரே கோட்டில் மெல்ல ஏறுகிறதா, நடுவில் எங்காவது நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்வார்கள். குழந்தை தவழும், நடக்கும் காணொளி கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டுக் குழந்தையே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் அதை நிபந்தனையாக வைத்தால் காத்திருப்பு நீளும். நான் ஹோம் ஸ்டடி எழுதிய ஒரு மதுரைக்காரர் வீட்டுக்கு மகாராஷ்டிரத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை வந்தது. முதல் மாதம் அது பேசிய ஒரே சொல் "நகோ". மராத்தியில் வேண்டாம் என்று பொருள். இட்லி நகோ, குளியல் நகோ, அப்பா நகோ. அந்த அம்மா யூடியூபில் மராத்தித் தாலாட்டுத் தேடிக் கற்றுக்கொண்டார். குழந்தைக்கு அந்தத் தாலாட்டு முன்பே தெரியுமோ தெரியாதோ, அந்த மொழியின் ஓசை தெரியும். ஆறாம் மாதம் நான் போனபோது குழந்தை மதுரைத் தமிழில் என்னை "உக்காருங்க" என்றது.

இப்போது பணம். அண்மை ஆண்டுகளில் நான் பார்த்த குடும்பங்களின் கணக்கிலிருந்து சொல்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹோம் ஸ்டடிக்கு 2,500 முதல் 4,000 டாலர். ஐ-800ஏ படிவத்துக்கு 2024 ஏப்ரலில் வந்த கட்டண உயர்வுப்படி 920 டாலர். அந்த அனுமதியின் பேரில் முதல் குழந்தைக்குப் போடும் ஐ-800க்குத் தனிக் கட்டணம் இல்லை. அமெரிக்க நிறுவனத்தின் சேவைக் கட்டணம்தான் பெரும்பகுதி, 12,000 முதல் 20,000 வரை, இரண்டு மூன்று தவணையாக. இந்தியாவில் குழந்தை இருக்கும் சிறப்புத் தத்தெடுப்பு மையத்துக்குக் காரா நிர்ணயித்த குழந்தைப் பராமரிப்பு நிதி 5,000 டாலர். நோட்டரி, ஆவணம் வெளிநாட்டில் செல்ல வைக்கும் அபோஸ்தில் முத்திரை, கூரியர் என்று 500 முதல் 1,000. மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்லும் டாக்டருக்குச் சில நூறு. விசாவுக்கு 325, அதற்கான மருத்துவப் பரிசோதனை தனி. இரண்டு பேர் போய் மூன்று பேர் திரும்பும் விமானச் செலவும் இரண்டு மூன்று வாரம் இந்தியாவில் தங்கும் செலவும் 6,000 முதல் 9,000. டிசம்பர் சீசனில் மாட்டினால் இன்னும் ஏறும். வந்த பிறகு இரண்டு ஆண்டுகளில் ஆறு பின்தொடர் அறிக்கை, ஒவ்வொன்றுக்கும் 250 முதல் 400. கூட்டினால் 29,000 முதல் 44,000 டாலருக்குள் நிற்கும். இது ஒரே நாளில் கேட்கப்படுவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் பரவும்.

இந்தியப் பகுதியில் 5,000 டாலருக்கு மேல் யாராவது "நன்கொடை" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். தத்தெடுப்பை ஒட்டி மையங்கள் நன்கொடை வாங்குவதை விதி தடுக்கிறது. காப்பகத்தில் ஃபேன் ஓடவில்லை, வாஷிங் மெஷின் வாங்கித் தரலாமே என்று உங்களுக்கே தோன்றும். அந்த நல்ல மனசை ஆணையெல்லாம் வந்து, இரண்டு வருடம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடம் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியது: ஒவ்வொரு கட்டணமும் எதற்கு, எப்போது, திருப்பித் தருவார்களா. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இதை எழுதித் தரக் கடமைப்பட்டது. நடுவில் குழந்தையின் உறவினர் திரும்ப வந்தால் என்ன, நீங்களே கர்ப்பமானால் என்ன என்பதையும் கேளுங்கள். வாய்வார்த்தையில் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பவர்களிடம் போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி நம்பி முதல் தவணையில் 9,000 டாலர் கட்டியது. பிறகுதான் அந்த நிறுவனத்துக்கு அப்போது காரா அனுமதியே நடப்பில் இல்லை என்று தெரிந்தது. பாதிப் பணம்தான் திரும்பியது.

வரிச்சலுகையை மறக்காதீர்கள். தத்தெடுப்புச் செலவுக்கு 2025ஆம் வரியாண்டில் ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை மத்திய வரியில் கழிவு உண்டு. அதில் 5,000 வரை, கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் பணமாகவே திரும்பக் கிடைக்கும். மிச்சத்தை ஐந்தாண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம். திருத்திய வருமானம் 259,190 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கி 299,190இல் இல்லாமலே போகும். இருவரும் ஐடியில் இருந்தால் இந்தக் கோட்டை உடனே பாருங்கள். ஒரு சிக்கலும் உண்டு: வெளிநாட்டுத் தத்தெடுப்பில், ஆணை இறுதியாகும் ஆண்டில்தான் கோர முடியும். இறுதியாகாமல் நின்றுபோனால் செலவழித்தது போனதுதான். உங்கள் கம்பெனி மனிதவளத் துறையிடமும் கேளுங்கள். தத்தெடுப்பு உதவித்தொகை தரும் கம்பெனிகள் பல இருக்கின்றன, யாரும் கேட்பதில்லை.

காலம்: ஹோம் ஸ்டடியும் ஐ-800ஏவும் சேர்த்து ஆறேழு மாதம். குழந்தை விவரம் வரும் வரை உள்ள காத்திருப்பு, நீங்கள் அந்தப் பட்டியலில் எவ்வளவு திறந்த மனதோடு இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில மாதமும் ஆகலாம், சில ஆண்டும் ஆகலாம். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து வீட்டுக்கு வர எட்டு மாதம் முதல் ஒரு வருடம். இந்தக் கடைசிப் பகுதிதான் மிகவும் வலிக்கும். புகைப்படத்தில் முகம் தெரிந்த பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு வருடம்.

டெல்லியில் ஒரு தடை அடிக்கடி வருகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விசா மருத்துவத்தில் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் அறிகுறி காட்டினால் எக்ஸ்ரே. அதிலும் சந்தேகம் வந்தால் சளி வளர்ப்புப் பரிசோதனை, அதற்கு எட்டு வாரம். யாராவது ஒருவர் அங்கேயே தங்க வேண்டிவரும். டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், ஆபீசில் விடுப்பை மொத்தமாகக் கரைத்துவிடாதீர்கள்.

பச்சை அட்டையிலோ எச்1பி வேலை விசாவிலோ இருக்கும் நண்பர்கள் உங்களிடம் வழி கேட்டால் இதைச் சொல்லுங்கள்: ஐ-800ஏ போட, தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். மற்றவர்கள் காரா வழியில் சரியாகவே தத்தெடுத்தாலும், குழந்தையை அமெரிக்கா அழைத்துவர, அந்தக் குழந்தையோடு இரண்டு ஆண்டு சட்டப் பொறுப்பில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும். ஒருவர் வேலையை விட்டு ஊரில் இரண்டு வருடம் இருக்க வேண்டிவருகிறது.

இப்போது தங்கையின் குழந்தை. இதைக் கடைசிக்கு வைத்ததே, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

நம் குடும்பங்களில் இது புதிதில்லை. பெரியப்பா வீட்டில் பிள்ளையில்லை என்றால் தம்பி மகனைச் சுவீகாரம் தருவது, மஞ்சள்நீர் குடித்து மடிமாற்றுவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவது எல்லாம் தலைமுறைகளாக நடப்பது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அது செல்லவும் செல்லும். அக்கா தங்கை பிள்ளைக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் உறவினர் தத்தெடுப்பு வழியும் உண்டு. இந்து சட்டப்படி எடுத்து வெளிநாடு அழைத்துப்போவதற்கும் 2021 முதல் ஆட்சியர் சரிபார்த்து, காரா தடையின்மைச் சான்று தரும் ஏற்பாடு வந்திருக்கிறது. இந்தியப் பக்கம் கதவு திறந்துதான் இருக்கிறது.

அடைபடுவது அமெரிக்கப் பக்கம். பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும் குழந்தை என்றால், அவர்களால் அந்தக் குழந்தையை முறையாகப் பராமரிக்க இயலாது என்று காட்ட வேண்டும் என்கிறது அமெரிக்கக் குடிவரவுச் சட்டம். "மனமுவந்து தருகிறோம்" என்பது போதாது. இயலாது என்பது, அவர்கள் ஊர் நிலவரப்படி, வறுமையாலோ நோயாலோ அடிப்படைத் தேவைகளைத் தர முடியாத நிலை. தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை, வீடு, மூத்த பிள்ளை நல்ல பள்ளியில் என்றால் இந்த மனு நிற்காது. அந்த மூத்த பிள்ளையை அவர்கள் நன்றாக வளர்ப்பதே எதிர்ச்சாட்சியாகிவிடும்.

நான் நேரில் பார்த்த ஒன்று. ஒரு தம்பதி ஊருக்குப் போய்க் கோவிலில் வைத்துத் தம்பி குழந்தையை மடியில் வாங்கி, அன்றே பத்திரமும் பதிந்துவிட்டார்கள். "வேலை சுலபமாக முடியும்" என்று யாரோ ஒரு வக்கீல் சொன்னாராம். என்னிடம் வரும்போது குழந்தைக்கு நாலு வயது. ஐ-800க்கு முன்பே தத்தெடுப்பு முடிந்துவிட்டதால், முதலில் அதைச் சட்டப்படி ரத்துசெய்துவிட்டு மறுபடி வரிசையில் வர வேண்டும். வந்தாலும் அந்த "இயலாது" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கிடையில் குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடுவது? அது பாட்டியிடம் வளர்ந்தது. வீடியோ காலில் வருபவர் அம்மா, பக்கத்துத் தெருவில் இருப்பவர் சித்தி என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடைசியில் அந்த மனைவி வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார், கணவரும் பின்னால் போனார். அமெரிக்கக் குடிமக்கள் இந்தியாவிலேயே குடியேறி, குழந்தையோடு இரண்டு ஆண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால் வேறொரு மனு வழியாகத் திரும்ப வர முடியும். அந்த வழிதான் அவர்களுக்கு மிஞ்சியது. நீங்கள் இருவரும் அப்படிக் குடிபெயரத் தயார் என்றால் அது தனிப் பேச்சு, அதற்கு ஒரு குடிவரவு வழக்கறிஞரோடு உட்காருங்கள்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது: இரண்டு நிறுவனங்களிடம் கட்டண அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். இருவருடைய திருமணச் சான்று, பிறப்புச் சான்று, குடியுரிமைச் சான்றுகளை எடுத்து வையுங்கள். நம்மில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் இருக்கும், அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் போகும். அந்த மருத்துவப் பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே தஞ்சாவூருக்கு ஒரு போன் செய்யுங்கள். உங்களுக்காகத் தன் பிள்ளையைத் தரத் துணிந்தவள், மனசைப் பாதி தேற்றி வைத்திருப்பாள். பத்திர ஆபீசுக்கு நாள் பார்ப்பதற்குள் அவளிடம் சொல்லிவிடுங்கள், குழந்தை அவளிடமே இருக்கட்டும் என்று.